விறகு ஸ்டவ்வையும் எண்ணெய் பாய்லரையும் இணைக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

அயர்லாந்தின் கிராமப்புற வீடுகளில் இது சர்வசாதாரணம். வெளியே எண்ணெய் பாய்லர், கூடத்தில் விறகு ஸ்டவ், அதன் முதுகில் ஒரு தண்ணீர்ப் பெட்டி (இதுவும் ஒரு பாய்லர்தான்). இரண்டும் சேர்ந்து, அறைகளுக்குச் சூடு தரும் ஒரே ரேடியேட்டர்களைச் சூடாக்கும். எண்ணெய் பாய்லரின் சுவிட்சைத் தட்டினால் தீ அணைந்துவிடும். எரிகிற விறகை அப்படி அணைக்க முடியாது. இதை மறந்துவிட்டுக் குழாய் போடுவதில்தான் ஆபத்தே இருக்கிறது.

முதல் தவறு, பம்பை மட்டும் நம்புவது. ஸ்டவ் பெட்டியில் 15 லிட்டர் தண்ணீர் 70 டிகிரியில் இருக்கிறது, தீ அதற்கு 10 கிலோவாட் கொடுக்கிறது என்று வையுங்கள். புயல் இரவில் கரண்ட் போய், பம்பும் நின்று, சூடு வெளியேற வேறு வழியும் இல்லையென்றால் மூன்றே நிமிடத்தில் தண்ணீர் கொதித்துவிடும். குழாய்க்குள் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம் கேட்கும்.

இதற்காகத்தான் ஸ்டவ்விலிருந்து மாடியிலுள்ள வெந்நீர் சிலிண்டருக்கு 28 மி.மீ. குழாயைத் தொடர்ந்து மேலேறும்படி போடுகிறார்கள். சுடுதண்ணீர் பம்ப் இல்லாமலே தானாக மேலே போகும். அந்தப் பாதையில் ஒரு ரேடியேட்டர் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். பெரும்பாலும் அது குளியலறையில்தான் இருக்கும். "இந்த அறை ரொம்பச் சூடாகுதே" என்று பின்னாளில் யாராவது அதில் ஒரு வால்வைப் பொருத்தி மூடிவிடுவார்கள். நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனாலும் இதைவிட மோசமான காரியம் இந்த ஏற்பாட்டில் வேறு இல்லை.

இந்தக் குழாய்களுக்குத் தண்ணீர் தர, பரணில் இருக்கும் சிறு தொட்டிக்குப் போகும் காற்றுப்போக்கிக் குழாயில் எந்த வால்வும் கூடாது. அந்தத் தொட்டிக்கு அடியில் சூட்டைத் தடுக்கும் பஞ்சு விரித்துவிடாதீர்கள். வீட்டுச் சூடு கீழிருந்து எட்டாமல் போனால் பனிக்காலத்தில் தண்ணீர் உறைந்து குழாய் அடைத்துக்கொள்ளும். அடைத்த குழாயோடு தீ மூட்டினால் பாய்லர் வெடிக்கலாம்.

இரண்டு பாய்லர்களையும் வெறும் T வடிவக் குழாய் இணைப்பு போட்டு இணைப்பதும் தவறு. ஒன்றின் பம்ப் மற்றொன்றுக்குள் தண்ணீரைத் தள்ளும். ஸ்டவ்வின் சூடு அணைந்து கிடக்கும் எண்ணெய் பாய்லருக்குள் வீணாகப் போகும். நியூட்ரலைசர் வையுங்கள்; இரண்டின் குழாய்களும் அதில் வந்து சேரும், ஒன்றின் பம்ப் மற்றொன்றைப் பாதிக்காது. எண்ணெய் பாய்லர் அழுத்தத்தில் இயங்கும் மூடிய அமைப்பாக இருந்தால் நடுவில் வெப்பமாற்றி தேவை; அதில் இரண்டு தண்ணீரும் கலக்காமல் சூடு மட்டும் கைமாறும். அப்போதும் மேலே சொன்ன தானோட்டப் பாதையை விட்டுவிடக் கூடாது. ஸ்டவ் குழாயில் ஒரு தெர்மோஸ்டாட்டும் வேண்டும். டைமர் அணைந்திருந்தாலும், தண்ணீர் 85 டிகிரியைத் தாண்டினால் அது பம்பை ஓட்டிவிடும்.

சூடு எல்லை மீறினால் காற்று வரும் வழிகளை அடைத்து, ஸ்டவ் கதவை மூடியே வையுங்கள். தீயின்மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம். வார்ப்பிரும்பு விரிசல் விடும். வற்றிய பாய்லருக்குள் பச்சைத் தண்ணீர் விடுவது அதைவிட ஆபத்து. நொடியில் நீராவியாகி வெடிக்கலாம்.

பழைய வீடு வாங்கியவர்கள் அடுப்பு மூட்டும்முன் அதன் பின்னால் கைவிடப்பட்ட பாய்லர் இருக்கிறதா என்று ஆளை வைத்துப் பாருங்கள். குழாய் வாயை அடைத்து, உள்ளே தண்ணீரோடு விட்டுப்போயிருந்தால் முதல் தீயிலேயே அது வெடிக்கலாம்.