கோப்பை வராத வருடங்களில் காலரி காலியாகாமல் இருக்க

பிரேசிலில் சாவ் பாவ்லோ நகரத்துக் கால்பந்து அணியான கொரிந்தியன்ஸ் 1954-ஆம் ஆண்டின் மாநிலப் பட்டத்தை வென்றது. அடுத்த பட்டம் 1977-இல்தான். அந்த வறட்சி முடிவதற்கு முந்தைய வருடம், 1976 டிசம்பர் 5 அன்று, ரியோவின் மரக்கானா மைதானத்தில் ஃப்ளுமினென்சே அணிக்கு எதிராகத் தேசியப் பட்டத்துக்கான அரையிறுதி. அதைப் பார்க்க ஏறத்தாழ 70,000 கொரிந்தியன்ஸ் ரசிகர்கள் நானூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து போனார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பெனால்டியில் வென்றார்கள். இறுதிப் போட்டியில் தோற்றார்கள். கூட்டம் கரையவில்லை.

கோப்பையைப் பார்த்து வந்த கூட்டம் கோப்பையோடு போய்விடும். தங்குகிற கூட்டத்தைத் தங்க வைப்பது பக்கத்து சீட்டுக்காரர், பாட்டு, ஜெர்சியின் நிறம், வாரக் கடைசி வழக்கம் போன்ற சில்லறைச் சமாச்சாரங்கள்தான். வெற்றி யார் கையிலும் இல்லை. இந்தச் சில்லறை எல்லாம் கிளப் நிர்வாகம், ரசிகர் மன்றம் இரண்டின் கையிலும் இருக்கிறது. அதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் கீழே.

முதலில் தலையை எண்ணுங்கள்

விற்ற டிக்கெட்டை எண்ணாதீர்கள். வாசலில் ஸ்கேன் ஆன டிக்கெட்டை எண்ணுங்கள். 10,000 விற்று 7,600 பேர் உள்ளே வந்திருந்தால், வராத 2,400 பேர்தான் உங்கள் அடுத்த வருடத்துக் கவலை. பணம் கட்டிவிட்டும் வராதவர், புதுப்பிக்கச் சொல்லும்போது யோசிப்பார். சீசன் டிக்கெட் வைத்திருந்தும் சொந்த மைதானத்தில் தொடர்ந்து மூன்று ஆட்டம் வராதவர்களின் பட்டியலைத் தனியாக எடுங்கள். மின்னஞ்சல் வேண்டாம், போன் செய்யுங்கள். “ஏன் வரவில்லை” என்று கேட்டால் குற்றம்சாட்டுவது போல இருக்கும். “யாரோடு வருவீர்கள்?” என்று கேளுங்கள். கூட வந்த நண்பர் ஊர் மாறிப் போயிருப்பார், ஆட்ட நேரம் கடைசி ரயிலோடு ஒத்துப்போகாமல் இருக்கும். அணி தோற்பது இரண்டாவது காரணமாகவே வரும்.

ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. போன வருட சராசரியோடு இந்த வருட சராசரியை அப்படியே வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். அதே எதிரணி, அதே கிழமை, அதே ஆட்ட நேரம் என்று ஜோடி சேர்த்துப் பாருங்கள். புதன் இரவு ஆட்டத்தையும் சனி மாலை ஆட்டத்தையும் ஒரே தராசில் வைத்தால் கணக்கு பொய் சொல்லும்.

சீட்டை விற்காதீர்கள், அக்கம்பக்கத்தை விற்றுக் கொடுங்கள்

பதினைந்து வருடமாக ஒரே வரிசையில் உட்காருகிற ஆறு பேருக்கு ஆட்டம் பாதிக் காரணம், அந்த ஆறு பேர் மீதிக் காரணம். அதனால் புதுப்பிக்கும் படிவத்தில் “யாருக்குப் பக்கத்தில் இடம் வேண்டும்” என்று ஆறு பெயர் எழுத இடம் விடுங்கள். ஸ்டாண்டைப் புதுப்பிக்கும்போதோ புது மைதானத்துக்குப் போகும்போதோ வரிசை வரிசையாக, ஆள் பிரியாமல் மாற்றுங்கள். கணினி விட்ட வழியில் சீட்டு ஒதுக்கினால் புது மைதானம் பளபளப்பாக இருக்கும், சத்தம் மட்டும் இருக்காது. சீட்டைப் பிள்ளைக்கோ பேத்திக்கோ மாற்றித் தருவதற்குக் கட்டணம் வாங்காதீர்கள். அது உங்களுக்கு விளம்பரச் செலவே இல்லாமல் கிடைக்கும் அடுத்த நாற்பது வருடம்.

சிறுவர் டிக்கெட்டை மூலையில் ஒதுக்குவது வழக்கமான தப்பு. பெரியவரின் பக்கத்துச் சீட்டே சிறுவர் விலையில் கிடைக்க வேண்டும். குழந்தையின் முதல் ஆட்டமாக டெர்பியை, அதாவது உள்ளூர் பரம வைரியோடு மோதும் ஆட்டத்தை, தேர்ந்தெடுக்காதீர்கள். தள்ளுமுள்ளு, கெட்ட வார்த்தை, திரும்பும் வழியில் நெரிசல். அட்டவணையில் சாதுவான எதிரணி, பகல் நேரம், பக்கவாட்டில் முதல் பத்து வரிசைக்குள் ஒரு இடம். பந்து வெளியே வந்து காலடியில் விழுந்தால் அந்தப் பிள்ளை உங்களுடையது.

விலை உயர்த்துவதை எங்கே நிறுத்துவது என்பதை லிவர்பூல் ரசிகர்கள் 2016 பிப்ரவரியில் காட்டினார்கள். புதிய ஸ்டாண்டில் 77 பவுண்டு டிக்கெட் என்று அறிவிப்பு வந்ததும், சண்டர்லாண்டுக்கு எதிரான ஆட்டத்தின் 77-ஆவது நிமிடத்தில் சுமார் 10,000 பேர் எழுந்து வெளியேறினார்கள். அப்போது 2-0 என்று முன்னிலை. ஆட்டம் 2-2 என முடிந்தது. சில நாளில் உரிமையாளர்கள் திட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். அந்தக் கிளப் அப்போது லீக் பட்டம் இல்லாமல் இருபத்தாறாவது வருடத்தில் இருந்தது. அத்தனை வருடமும் வெளியேறாத கூட்டம் அது.

பாட்டு

தோற்கும் அணியின் மைதானத்தில் விலை போகும் ஒரே சரக்கு சத்தம். இதைத் தற்செயலுக்கு விடாதீர்கள்.

ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஒரு கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் உள்ள ஸ்டாண்டிலிருந்து எதிர் ஸ்டாண்டுக்கு 140 மீட்டர் இருந்தால் சத்தம் போய்ச் சேர 0.4 வினாடி. நிமிடத்துக்கு 120 கைதட்டு என்றால் தட்டுக்குத் தட்டு அரை வினாடிதான். ஆக, எதிர்ப்பக்கக் காலரி நீங்கள் தட்டுவதைக் கேட்டுத் தட்டினால், அது உங்களுக்குத் திரும்பி வருவதற்குள் அடுத்த தட்டையும் தாண்டிவிடும். இரண்டு பக்கமும் நல்ல எண்ணத்தோடு கூச்சலாகிப்போகும். எதிரெதிர் ஸ்டாண்டுகள் சேர்ந்து பாடவே கூடாது. ஒரு பக்கம் கேட்க, மறு பக்கம் பதில் சொல்ல வேண்டும். இடையில் ஒரு மூச்சு விடும் இடைவெளி.

அதே கணக்கு ஸ்டாண்டுக்குள்ளும் ஓடும். 80 மீட்டர் அகல ஸ்டாண்டில் டிரம் ஓரத்தில் இருந்தால் மறு ஓரத்துக்கு 0.24 வினாடி தாமதம். நடுவில், கீழே ஐந்தாறு வரிசைக்குள் வைத்தால் இரு பக்கமும் 0.12தான். பெரிய டிரம் ஒன்று போதும். ஆர்வத்தில் இரண்டாவதைக் கொண்டுவருபவர் அதற்குப் பக்கத்திலேயே நிற்கட்டும். பாட்டு எடுத்துக் கொடுப்பவர் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிற்பார். ஆட்டம் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு அந்த வேலை ஆகாது. பாதி நேரத்துக்கு ஒருவர் என்று இருவரை வையுங்கள், குரல் தாங்காது.

பாட்டு நான்கு வரிக்கு மேல் வேண்டாம். சுருதியை உங்களுக்கு வசதியானதைவிடக் கொஞ்சம் கீழே எடுங்கள். கூட்டம் உற்சாகத்தில் மேலே இழுக்கும். உச்ச வரியில் தொண்டை உடைந்தால் பாட்டு அங்கேயே நின்றுவிடும். வேகமும் தானாக ஏறும், அதைப் பிடித்து வைப்பது டிரம்காரரின் பொறுப்பு. வீரர் பெயர் வைத்த பாட்டை நம்பி முதலீடு செய்யாதீர்கள், அடுத்த டிரான்ஸ்ஃபரில் பாட்டும் போய்விடும். புதுப் பாட்டை முதலில் நாற்பது பேருக்குச் சொல்லிக் கொடுத்து, ஆட்டத்துக்கு அரை மணி முன்பு காலரியில் விடுங்கள். மாதத்துக்கு ஒன்று தாராளம்.

முக்கியமானது: கோல் வாங்கிய உடனே பாட ஒரு பாட்டு ஒதுக்கி வையுங்கள். வலைக்குள் பந்து போய் பத்து வினாடிக்குள் அது கிளம்ப வேண்டும். அதற்குள் கிளம்பாவிட்டால் முணுமுணுப்பு கிளம்பிவிடும். எதிரணி வீரரின் குடும்பத்தையோ இனத்தையோ இழுக்கும் பாட்டு காலரியில் இருந்தால் அபராதமும் ஸ்டாண்டு மூடலும் ஒரு பக்கம். குடும்பத்தோடு வருகிறவர்கள் சத்தமில்லாமல் நின்றுவிடுவார்கள் என்பது மறு பக்கம்.

அட்டைக் காட்சி

சீட்டுக்கு ஒரு வண்ண அட்டை வைத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்கிப் பிடித்துக் காலரியில் எழுத்தைக் காட்டுவதுதான் இது. 40 வரிசை, வரிசைக்கு 60 சீட்டு என்றால் 2,400 அட்டை. நூற்றுக்கு ஐந்து உபரி சேர்த்து 2,520. கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டம் ஒரு சீட்டு. நடைபாதை வரும் இடத்தை வரைபடத்திலேயே காலியாக விடுங்கள், இல்லாவிட்டால் எழுத்து அந்த இடத்தில் பிளக்கும். எழுத்தின் கோடு மூன்று சீட்டு அகலமாவது இருக்கட்டும்; ஒரு சீட்டு அகலக் கோட்டில் ஒருவர் டீ குடிக்கப் போனால் எழுத்தே மாறிவிடும். அட்டையின் பின்பக்கம் “அணி வரும்போது இரு கையால் முகத்துக்கு நேரே பிடிக்கவும், 60 எண்ணும்வரை” என்று அச்சிடுங்கள். வரிசைக்குப் பத்து நிமிடம் வைத்தால் எட்டுப் பேர் ஐம்பது நிமிடத்தில் முடிக்கலாம். முந்தின இரவே வைத்தால் பனியில் நமத்துப்போகும். நிரம்பாது என்று தெரிந்த ஸ்டாண்டில் இதைச் செய்யவே வேண்டாம், ஓட்டைதான் போட்டோவில் தெரியும். முடிந்ததும் அட்டையைத் திரும்ப வாங்குங்கள். வாங்காவிட்டால் இருபதாவது நிமிடத்தில் காகித விமானமாகக் களத்தில் இறங்கும். எங்கும் இதுதான் கதி.

எதைத் தொடக்கூடாது

பெயர், நிறம், சின்னம், ஊர். இந்த நான்கையும் மாற்ற உறுப்பினர் வாக்கெடுப்பு கட்டாயம் என்று கிளப் விதியிலேயே எழுதுங்கள். சாதாரணப் பெரும்பான்மை போதாது, மூன்றில் இரண்டு பங்கு வையுங்கள். கார்டிஃப் சிட்டி 2012-இல் நீல ஜெர்சியைச் சிவப்பாக்கியது. 2013-இல் மேல் டிவிஷனுக்கே உயர்ந்தது. அப்படியும் எதிர்ப்பு அடங்காமல் 2015 ஜனவரியில் நீலத்துக்குத் திரும்பியது. லண்டனின் விம்பிள்டன் கால்பந்து அணியை மில்டன் கீன்ஸ் நகரத்துக்கு மாற்ற 2002-இல் அனுமதி கிடைத்தபோது, ரசிகர்கள் அதே வருடம் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று சொந்தமாக ஒரு அணியைத் தொடங்கினார்கள். கீழ்மட்ட லீக்கில் ஆரம்பித்து 2011-இல் ஃபுட்பால் லீக்குக்கு ஏறினார்கள். ரசிகர் எதை நேசிக்கிறார் என்பதற்கு இதைவிடத் துல்லியமான அளவுகோல் கிடையாது.

ஸ்பெயினின் அத்லெட்டிக் பில்பாவோ, பாஸ்க் பகுதியில் பிறந்த அல்லது அங்கே ஆடி வளர்ந்த வீரர்களை மட்டுமே எடுக்கும். லீகையும் நாட்டின் கோப்பைப் போட்டியான கோப்பா டெல் ரேயையும் 1984-இல் சேர்த்து வென்ற பிறகு, அடுத்த கோப்பா டெல் ரேக்கு 2024 வரை காத்திருந்தது. அந்த நாற்பது வருடமும் கொள்கையைக் கைவிடவில்லை. தோல்விக்கு ரசிகர்களே ஒப்புக்கொண்ட ஒரு காரணம் இருந்தால், அது அவமானமாக உறைப்பதில்லை. உங்கள் அணிக்கு அப்படி ஒரு கொள்கை வைக்க வேண்டுமானால் கடைப்பிடிக்க முடிந்ததை வையுங்கள்: ஒவ்வொரு ஆட்டத்திலும் அகாடமியில் வளர்ந்த இருவர் பதினொன்றில் இருப்பார்கள் என்பது போல. அறிவித்துவிட்டு மூன்றாவது மாதம் மீறினால், சொல்லாமலே இருந்திருக்கலாம்.

ரசிகருக்கு வேலையும் கொடுங்கள். யூனியன் பெர்லினின் மைதானத்தை 2008-09-இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் சுமார் 1,40,000 மணி நேரம் உழைத்துப் புதுப்பித்தார்கள். அங்கே 2003-இல் 89 பேர் கூடிப் பாடிய கிறிஸ்துமஸ் பாட்டு மாலை பின்னாளில் மைதானத்தையே நிறைத்தது. அமெரிக்க ஃபுட்பாலில் டல்லஸ் கௌபாய்ஸ் கடைசியாக சூப்பர் பவுல் வென்றது 1996 ஜனவரியில். ஆனாலும் நன்றி நவிலல் நாள் என்றால் அவர்கள் ஆட்டம் என்பது 1966-இல் தொடங்கிய பழக்கம். ஒரு தேதி உங்களுடையதாக இருக்கட்டும். அது லீக் அட்டவணையை நம்பியிராத தேதியாக இருந்தால் இன்னும் நல்லது.

தோற்ற இரவில்

ஆட்டம் முடிந்ததும் கேப்டன் முன்னே போக, மொத்த அணியும் காலரிக்கு அருகே, பெனால்டி பாக்ஸ் வரையாவது நடந்து வர வேண்டும். இரண்டு நிமிடம் நின்றால் போதும். நடுக்கோட்டிலிருந்து கையை ஆட்டிவிட்டு உள்ளே ஓடுவது வராததைவிட மோசம். நிர்வாகத்தின் அறிக்கையில் “அடுத்த வருடம் கோப்பை” என்ற வார்த்தையே வரக் கூடாது. டெர்பியில் தோற்பதில்லை, சொந்த மைதானத்தில் வாங்கிய கோலைக் குறைப்பது என்று கணக்கில் காட்ட முடிந்ததைச் சொல்லுங்கள்.

சோகத்தை விளம்பரமாக விற்கும் ஆசை ஒன்று வரும். ஜெர்மனியின் ஷால்க்கே 2001 மே 19 அன்று நான்கு நிமிடம் சாம்பியனாக இருந்தது. பிறகு ஹாம்பர்கில் பயர்ன் மியூனிக் கடைசி நொடியில் அடித்த கோலில் பட்டம் போனது. கேரளா பிளாஸ்டர்ஸ் 2014, 2016, 2022 என மூன்று ஐ.எஸ்.எல். இறுதிகளில் தோற்றது. அதன் ரசிகர் மன்றமான மஞ்சப்படை இன்னும் பாடுகிறது. இந்தக் கதைகளை ரசிகர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டால் உறவு இறுகும். கிளப் அதையே டி-ஷர்ட்டில் அச்சிட்டு விற்றால், தோற்றாலும் பரவாயில்லை என்ற பாடம்தான் வீரருக்கும் போய்ச் சேரும்.

கடைசியில் இறுதிப் போட்டி வந்துவிட்டால்

மன்றங்கள் உடைவது பெரும்பாலும் இங்கேதான், டிக்கெட் பங்கீட்டில். வருவதற்கு முன்பே விதியை எழுதி ஒட்டிவிடுங்கள். சொந்த மைதான ஆட்டத்துக்கு ஒரு புள்ளி, வெளியூருக்கு மூன்று, வாரநாள் இரவு வெளியூருக்கு ஐந்து. அணி கீழ்ப்பாதியில் இருந்த சீசனின் புள்ளிக்கு இரட்டை மதிப்பு. வாங்கியதற்கல்ல, வாசலில் ஸ்கேன் ஆனதற்கே புள்ளி. ஒதுக்கீட்டில் நூற்றுக்கு எண்பது புள்ளி வரிசைப்படி, பதினைந்து குலுக்கலில், ஐந்து ஊழியருக்கும் வீரர் குடும்பத்துக்கும். ஸ்பான்சர்களுக்கு லீக் அமைப்பு தனியாகத் தரும் பங்கு போதும். இந்தப் பட்டியலில் கை வைக்க விடாதீர்கள்.