சொரியாசிஸ் இருந்தால் தோலைத் தாண்டி எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

சொரியாசிஸில் தோலைத் தடிக்கவைத்துச் செதில் உதிரச் செய்யும் அழற்சி, மூட்டுகளையும் ரத்தக் குழாய்களையும்கூடப் பாதிக்கும். களிம்பு பூசித் தோல் தெளிந்துவிட்டால் எல்லாம் சரி என்று இருந்துவிடக் கூடாது.

முதலில் மூட்டு. தோல் நோய் தொடங்கிப் பல வருடங்கள் கழித்தே மூட்டுவாதம் பெரும்பாலும் தலைகாட்டும். அதனால் வயசுக்கோளாறு, செருப்புக் கோளாறு என்று தள்ளிப்போட்டுவிடுகிறார்கள். ஐந்து கேள்விகள் போதும்: எந்த மூட்டாவது வீங்கியதுண்டா? மூட்டுவாதம் என்று மருத்துவர் சொன்னதுண்டா? நகத்தில் குழிகள் இருக்கின்றனவா? குதிகால் வலித்ததுண்டா? காரணமே இல்லாமல் ஒரு விரல் முழுக்க வீங்கி வலித்ததுண்டா? மூன்றுக்கு ‘ஆம்’ என்றால் மூட்டுவாத நிபுணரிடம் போக வேண்டும்.

நகத்தைப் பார்க்க நகப்பூச்சைத் துடைத்துவிட்டு, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி விரலைச் சாய்த்துப் பிடியுங்கள். குண்டூசி முனையால் குத்தியது போன்ற குழிகள் அப்போதுதான் தெரியும். குதிகாலின் பின்புறம், தசைநாண் எலும்பில் சேரும் இடத்தை அழுத்திப் பாருங்கள். காலையில் எழுந்ததும் விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்து, நடமாட நடமாடக் குறைந்தால் அது அழற்சி வலியாக இருக்கலாம். வீக்கம் வந்து போகும். வீங்கியிருக்கும்போதே படம் எடுத்துவையுங்கள். முடக்குவாதத்துக்கான ரத்தப் பரிசோதனையில் ‘ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ்’ என்று வந்ததை நம்பி விட்டுவிடாதீர்கள். இந்த மூட்டுவாதத்தில் பெரும்பாலும் அப்படித்தான் வரும்.

ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, எடை, ஈரல் ஆகியவற்றை வருடம் ஒருமுறையாவது பரிசோதியுங்கள். மூன்று மாதச் சர்க்கரை சராசரி (எச்.பி.ஏ.1.சி) 5.7 சதவீதத்தைத் தொட்டாலே கவனம் தேவை, 6.5 என்றால் அது சர்க்கரை நோயின் எல்லை. கூடுதல் எடை குறைந்தால் தோலும் மருந்துக்கு நன்றாகக் கேட்கும்.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக் காத்திருக்க வேண்டாம். மனச்சோர்வும் இந்த நோயோடு அடிக்கடி வரும். தூக்கம் கெட்டால் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வேறு நோய்க்கு மருந்து எழுதும்போது சொரியாசிஸ் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். மனநல மருந்தான லித்தியம் சொரியாசிஸைக் கிளறிவிடலாம். ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் சீழ்க் கொப்புளங்களோடு நோய் சீறலாம். சொரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்து தந்திருந்தால் அது வாரம் ஒருமுறை மட்டும். தினமும் விழுங்கி உயிருக்கே ஆபத்தானது உண்டு. எந்தக் கிழமை என்று அட்டையிலேயே எழுதிவையுங்கள்.