கடலோர வெக்கையில் முதல் 10 கி.மீ. சாலைப் பந்தயம்: பதிவிலிருந்து முடிவுக்கோடு வரை

சென்னையிலும் மற்றக் கடலோர ஊர்களிலும் முதல் 10 கி.மீ. பந்தயம் கெட்டுப்போவது பெரும்பாலும் பயிற்சிக் குறையால் அல்ல. குளிர்ந்த ஊருக்காக எழுதப்பட்ட பேஸ் கணக்கை (ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்ற கணக்கை) இங்கே கொண்டுவந்து, முதல் மூன்று கிலோமீட்டரை அந்த வேகத்தில் ஓடுவதால்தான் கெடுகிறது. விடிகாலையில் வெயில் இல்லை, உண்மைதான். ஆனால் காற்றில் ஈரப்பதம் ஏறி நிற்கும் நேரமும் அதுவே. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். இங்கே அது வழிந்து சொட்டுகிறதே தவிர ஆவியாவதில்லை. உடல் இன்னும் அதிக ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது, கால் தசைக்குப் போவது குறைகிறது, அதே வேகத்துக்கு இதயம் வேகமாக அடிக்கிறது. கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒன்றைச் சமாளிக்கும் வழிகள்தான்.

எந்தப் பந்தயம்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நடப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஜனவரி விடிகாலையில் சென்னையில் வெப்பம் 21 டிகிரியை ஒட்டி இருக்கும். ஏப்ரலுக்குப் பிறகு விடிகாலை கூடப் புழுக்கம்தான், முதல் பந்தயத்துக்கு அது வேண்டாம்.

பதிவுப் பக்கத்தில் மெடலையும் டீ-ஷர்ட்டையும் விட முக்கியமாகப் பார்க்க வேண்டியவை நான்கு. உங்கள் பிரிவுக்கு டைமிங் சிப் (ஓடிய நேரத்தைப் பதிவு செய்யும் சிறு பட்டை) உண்டா? சில இடங்களில் 'ஃபன் ரன்' என்று போட்டிருப்பதற்கு நேரமே பதிவாகாது. எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர் மேசை? இரண்டு அல்லது இரண்டரைக்கு ஒன்று இருந்தால் போதுமானது. 10 கி.மீ. எத்தனை மணிக்குத் தொடங்குகிறது? முழு மாரத்தானை முதலில் அனுப்பி 10 கி.மீ.-ஐக் கடைசியில் விடும் நிகழ்ச்சிகளில், நீங்கள் ஓடி முடிக்கும்போது வெயில் ஏறியிருக்கும். நான்காவது, பாதை முறையாக அளக்கப்பட்டதா என்பது.

அளப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், இதில்தான் பலருக்குக் குழப்பம். சான்று பெற்ற பாதையை, சக்கரச் சுற்றை எண்ணும் கருவி பொருத்திய சைக்கிளில் அளப்பார்கள். வளைவுகளில் ஓரக்கல்லிலிருந்து 30 செ.மீ. தள்ளி, ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியில் சைக்கிள் போகும். பாதை குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு 1 மீட்டர் கூடுதலாகவும் சேர்ப்பார்கள். ஆக 10 கி.மீ. பாதையில் குறைந்தது 10 மீட்டர் கூடுதலாகவே இருக்கும். நீங்களோ கூட்டத்தை விலக்கி, வளைவில் வெளிப்பக்கமாகப் போய், தண்ணீருக்காக ஒதுங்கி ஓடுவீர்கள். அதனால் ஜிபிஎஸ் வாட்ச் 10.1 அல்லது 10.2 காட்டும். பாதை தப்பு என்று அமைப்பாளரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். கணக்கைத்தான் மாற்ற வேண்டும்: 70 நிமிடத்தில் முடிக்க, கிலோமீட்டருக்கு 7:00 என்று வாட்ச் காட்டினால் போதாது. 10.15 கி.மீ. ஓடப்போகிறீர்கள் என்று வைத்து 6:54 காட்ட வேண்டும்.

எட்டு வாரம்

நிற்காமல் 5 கி.மீ. மெதுவாக ஓட முடிகிறவருக்கு எட்டு வாரம் போதும். அது இன்னும் முடியாது என்றால் முதலில் அங்கே வந்து சேருங்கள். 40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்தவர்கள் பதிவுக்கு முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

வாரம் நான்கு நாள். செவ்வாயும் சனியும் 4 முதல் 5 கி.மீ. ஈஸி ரன். பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் என்று பொருள். வாக்கியம் பாதியில் அறுந்தால் வேகம் அதிகம். வியாழனன்று இலக்கு வேகத்தில் (நான்காவது வாரச் சோதனை வரை உத்தேசமாக) 1 கி.மீ. வீதம் நான்கு முறை, நடுவில் 2 நிமிட நடை. ஐந்தாவது வாரத்திலிருந்து அதையே 2 கி.மீ. வீதம் மூன்று முறையாக, 3 நிமிட இடைவெளியோடு மாற்றுங்கள். ஞாயிறு லாங் ரன், வாரவாரியாகக் கிலோமீட்டரில்: 6, 7, 8, 6, 9, 11, 8, பிறகு பந்தயம்.

நான்காவது ஞாயிறு 6 என்று குறைந்திருப்பது ஓய்வுக்காக மட்டுமல்ல. அன்று 1 கி.மீ. மெதுவாக ஓடிவிட்டு, மீதி 5 கி.மீ.-ஐ முழு முயற்சியில் ஓடி நேரம் குறியுங்கள். அதை இரண்டால் பெருக்கி 3 நிமிடம் கூட்டினால் உங்கள் 10 கி.மீ. இலக்கு. 33:30 வந்தால் 67 கூட்டல் 3, ஆக 70 நிமிடம். இந்தச் சோதனையை ஏசி ஜிம்மில் டிரெட்மில்லில் செய்தால் கணக்கு பொய்யாகும். பந்தயம் நடக்கும் அதே நேரத்தில், அதே மாதிரிக் காற்றில், ரோட்டில் ஓட வேண்டும். வெக்கைக்கு உடல் பழகக் குறைந்தது பத்து நாள், பொதுவாக இரண்டு வாரம் ஆகும். எப்போதும் ஏசியில் ஓடுகிறவர்கள் கடைசி இரண்டு வாரமாவது வெளியே வரட்டும்.

சென்னை ரோடு தட்டை. ஏற்றம் என்றால் பாலங்கள்தான். பாதையில் மேம்பாலம் இருந்தால் அதுபோல ஒன்றில் இரண்டு மூன்று வியாழக்கிழமை ஏறி இறங்குங்கள். ஏறும்போது வாட்சைப் பார்க்காமல் மூச்சை அதே அளவில் வைத்து, காலடியைச் சுருக்கி ஏற வேண்டும். இழந்த நொடிகளில் ஒரு பங்கு இறக்கத்தில் தானாகத் திரும்பும்.

கடைசி வாரம் மொத்தத் தூரத்தைப் பாதியாக்குங்கள். விட்டுப்போன பயிற்சியை அந்த வாரத்தில் ஈடுகட்டப் பார்த்தால் பந்தயத்துக்குக் கனத்த காலோடு போவீர்கள். அந்த வாரத்தில் காய்ச்சல் வந்தால் ஓடவே வேண்டாம். வைரஸ் காய்ச்சலோடு கடுமையாக ஓடுவது இதயத் தசையைப் பாதிக்கக்கூடும். கட்டின பணம் போகட்டும்.

ஷூ, துணி, உராய்வு

ஷூவைச் சாயங்காலம் வாங்குங்கள், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இடமில்லாத ஷூதான் நகம் கறுத்துப்போகக் காரணம். புது ஷூவில் 40, 50 கி.மீ. ஓடிய பிறகே பந்தயத்துக்கு அணியுங்கள்.

பருத்திச் சாக்ஸ், பருத்தி பனியன் இரண்டும் வேண்டாம். வியர்வையைக் குடித்துவிட்டு உலராது, கனத்துப் போய்த் தோலை அறுக்கும். பந்தயத்துக்குக் கொடுத்த டீ-ஷர்ட்டை அன்றே முதல்முறை போடுவதும் வேண்டாம், தையல் எங்கே உரசும் என்று தெரியாது. தொடை இடுக்கு, அக்குள், பெண்களுக்கு ஸ்போர்ட்ஸ் பிராவின் அடிப்பட்டை படும் இடம் ஆகியவற்றில் வாஸ்லைனைத் தாராளமாகத் தடவுங்கள். ஆண்கள் முலைக்காம்பில் மருந்துக்கடையில் கிடைக்கும் காகித டேப் ஒட்டிக்கொள்ளலாம். அங்கே வாஸ்லைன் மட்டும் தடவினால் இந்த ஈரத்தில் அரை மணிக்குள் வழிந்துவிடும்.

பிப்

பிப் என்பது மார்பில் குத்திக்கொள்ளும் எண் தாள். பெரும்பாலான நிகழ்ச்சிகளில் பந்தய நாளன்று அதைத் தரமாட்டார்கள். முந்தைய ஒன்றிரண்டு நாட்களில் அடையாள அட்டையோடு போய் வாங்க வேண்டும். கையில் வாங்கியதும் பெயர், பிரிவு, எண் மூன்றையும் சரிபாருங்கள். பின்பக்கம் ரத்த வகை, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண், மருந்து ஒவ்வாமை இருந்தால் அது, எல்லாவற்றையும் அழியாத பேனாவில் எழுதுங்கள். இதனால்தான் அடுத்தவர் பிப்பில் ஓடக் கூடாது என்று வற்புறுத்துகிறோம். நீங்கள் மயங்கி விழுந்தால் மருத்துவக் குழு கூப்பிடுவது வேறொருவர் வீட்டை.

டைமிங் சிப் பெரும்பாலும் பிப்பின் பின்னால் ஒட்டியிருக்கும் மெல்லிய பட்டை. அதை மடிக்காதீர்கள், பின் குத்தாதீர்கள். பிப்பின் நான்கு மூலையிலும் ஊக்கு குத்தி மார்புக்கு நேரே, சட்டைக்கு மேலே. வாட்டர் பெல்ட்டோ கையில் பிடித்த மொபைலோ மறைத்தால் தரைப்பாயில் உள்ள கருவி சிப்பைப் படிக்காமல் போகலாம். 'நேரம் வரவில்லை' என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம்.

சாப்பாடு, தண்ணீர்

முந்தைய இரவு எட்டு மணிக்குள் வழக்கமான சோறு, ரசம், தயிர் அல்லது இட்லி. கீரை, சுண்டல், பிரியாணி, பரோட்டா எல்லாம் மறுநாளுக்கு. 10 கி.மீ.-க்கு வயிறு முட்டச் சோறு ஏற்ற வேண்டிய அவசியம் கிடையாது. 5:30-க்குப் பந்தயம் என்றால் 3:30-க்கு எழுந்து, இரண்டு இட்லியைச் சர்க்கரை தொட்டு, அல்லது ஒரு வாழைப்பழமும் இரண்டு துண்டு ரொட்டியும் சாப்பிடுங்கள். காபி பழக்கம் இருந்தால் குடிக்கலாம், வயிறு இளகவும் அது உதவும். இவை எல்லாவற்றையும் ஒரு லாங் ரன் நாளில் முன்பே ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

தண்ணீரில் இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. உங்களுக்கு எவ்வளவு தேவை என்று கண்டுபிடிக்க: ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, குறைந்த துணியில் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் சுமார் ஒரு லிட்டர். நடுவில் குடித்ததையும் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த அளவு முழுவதையும் ஓடும்போதே ஈடுகட்டத் தேவையில்லை. கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பு 400 முதல் 500 மில்லி, வழியில் ஒவ்வொரு மேசையிலும் நாலைந்து வாய், தாகம் எடுத்தால் சற்று அதிகம். பயந்துபோய் ஒவ்வொரு மேசையிலும் ஒரு பாட்டிலைக் காலி செய்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, வாந்தி, குழப்பம் எனத் தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். மெதுவாக, அதிக நேரம் ஓடுகிறவர்களுக்கே இந்த ஆபத்து கூடுதல்.

ஓடுவதற்கு முன் வலிநிவாரணி மாத்திரை போடும் பழக்கம் பரவியிருக்கிறது. இபுபுரூஃபன் வகை மாத்திரையும் நீரிழப்பும் சேர்ந்தால் சிறுநீரகம் அடிவாங்கும். வலிக்கிறது என்றால் அன்று ஓட வேண்டாம்.

பந்தய நாள்

தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு அங்கே இருங்கள். ரோடுகளை முன்கூட்டியே அடைத்திருப்பார்கள். அந்த வேளையில் பஸ்ஸோ மெட்ரோவோ கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். வந்ததும் முதல் வேலை கழிப்பறை வரிசை. அது எப்போதும் நினைத்ததைவிட நீளம். பிறகு பையை ஒப்படைத்து, 8 முதல் 10 நிமிடம் மெதுவான ஓட்டம், காலை முன்னும் பின்னும் வீசுதல், 60 மீட்டர் வேக ஓட்டம் மூன்று. நின்றபடி தசையை வெகுநேரம் இழுத்துப் பிடிப்பது அப்போது தேவையில்லை. வெக்கை அதிகமென்றால் வார்ம் அப்பைப் பாதியாக்குங்கள். உடம்பு சூடாவதற்கு இங்கே அதிக நேரம் பிடிக்காது.

முன்வரிசையில் நிற்காதீர்கள். சிப் உங்கள் நேரத்தைத் தொடக்கப் பாயைத் தாண்டும்போதுதான் எண்ணத் தொடங்குகிறது, பின்னால் நின்றால் எதுவும் நஷ்டமில்லை. முன்னால் நின்று வேகமானவர்களோடு இழுபட்டால்தான் நஷ்டம். பேசர் (குறிப்பிட்ட நேரத்தில் முடிக்கும்படி சீரான வேகத்தில் கொடியோடு ஓடுகிறவர்) இருந்தால் அவர் கொடிக்குச் சற்றுப் பின்னால் நில்லுங்கள். நடக்க வேண்டி வந்தால் இடது ஓரத்துக்குப் போய், கை தூக்கிக் காட்டிவிட்டு நடங்கள்.

70 நிமிட இலக்குக்கு வேகம் (வாட்ச் கணக்கில் அல்ல, பாதையின் கிலோமீட்டர் கணக்கில்) இப்படி: முதல் மூன்று கிலோமீட்டர் 7:15, அடுத்த ஐந்து 7:00, கடைசி இரண்டையும் சேர்த்து 13 நிமிடம் 15 நொடி. முதல் கிலோமீட்டர் சுலபமாக இருக்கும், நூறு பேர் உங்களைத் தாண்டிப் போவார்கள். விடுங்கள். அங்கே 20 நொடி மிச்சம் பிடித்தவர்கள் ஏழாவது கிலோமீட்டரில் இரண்டு நிமிடம் கொடுக்கிறார்கள். ஏறிய உடல் சூட்டை ஓடிக்கொண்டே இறக்க முடியாது என்பதே காரணம். மூன்றாவது கிலோமீட்டரில் முழு வாக்கியம் பேச முடியாவிட்டாலும் நான்கைந்து சொல்லாவது சொல்ல முடிய வேண்டும். அதுவும் முடியவில்லை என்றால், வாட்ச் என்ன காட்டினாலும் குறையுங்கள். வழக்கத்தைவிடப் புழுக்கமான நாளில் கிலோமீட்டருக்கு 15 முதல் 20 நொடியை முதலிலிருந்தே விட்டுக்கொடுங்கள்.

தண்ணீர் தரும் இடத்தில் வரிசையாகப் போட்ட மேசைகளில் முதலாவதில்தான் நெரிசல், அந்த வரிசையின் கடைசி மேசைக்குப் போங்கள். காகிதக் கப்பின் வாயைக் கிள்ளி ஒடுக்கிக் குடித்தால் மூக்கில் ஏறாது. மீதியைப் பிடரியிலும் முன்கையிலும் ஊற்றலாம், ஷூவில் விழாமல். மேசைக்கு அடுத்த இருபது மீட்டரில் கப்பும் ஆரஞ்சுத் தோலும் வாழைப்பழத் தோலும் கிடக்கும், அங்கே கால் வைப்பதில் கவனம். இருட்டில் ரோட்டு நடுவே பதித்த ரிஃப்ளெக்டரும் வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடையும் கணுக்காலைத் திருகிவிடும். ரோடு ஓரத்தை நோக்கிச் சரிவாக இருப்பதால் ஒரே ஓரத்தில் ஓடாமல், இடம் இருக்கும்போது நடுவுக்கு வாருங்கள்.

விலாவில் பிடித்தால் வேகத்தைக் குறைத்து, பிடித்த இடத்தை விரலால் அழுத்தி, மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் விடும். இதற்கு மாறாக, வெக்கையில் குளிர் நடுக்கம், மயிர்க்கூச்செறிதல், தள்ளாட்டம், தன் பிப் எண்ணே மறந்துபோகும் குழப்பம் இவற்றில் ஏதாவது வந்தால் உடனே நின்று வாலன்டியரைக் கூப்பிடுங்கள். பக்கத்தில் ஓடுகிறவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ கோணலாக ஓடினாலோ அவரையும் நிறுத்துங்கள். வியர்க்கிறதே, வெப்பத்தாக்கு இருக்காது என்று நினைக்க வேண்டாம், ஓடுகிறவருக்கு வியர்த்துக்கொண்டே அது வரும். அப்படியானால் நிழலில் கிடத்தி, ஐஸ் தண்ணீரை உடல் முழுவதும் ஊற்றி, விசிறிக் குளிர்விப்பதை உடனே தொடங்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

முடித்த பிறகு

பாயைத் தாண்டியதும் வாட்சை நிறுத்தக் குனிந்து நின்றுவிடாதீர்கள். திடீரென்று நின்றால் ரத்தம் காலில் தேங்கித் தலைசுற்றும், பின்னால் வருகிறவரும் மோதுவார். பத்து நிமிடம் நடங்கள். ஈரத் துணியை மாற்றுங்கள். ஓஆர்எஸ் பாக்கெட் இல்லையென்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் பொங்கலோ இட்லியோ, கூடவே ஒரு முட்டை அல்லது பருப்பு.

முடிவுப் பட்டியலில் இரண்டு நேரம் இருக்கும்: துப்பாக்கி சுட்டதிலிருந்து ஒன்று, நீங்கள் பாயைத் தாண்டியதிலிருந்து ஒன்று. இரண்டாவதுதான் உங்கள் நேரம். பரிசு வரிசைக்கு மட்டும் சில நிகழ்ச்சிகளில் முதலாவதை எடுப்பார்கள். பெயர் விடுபட்டிருந்தால் வாட்ச் பதிவையும் பிப் எண்ணையும் இணைத்து உடனே எழுதுங்கள், பட்டியலை இறுதியாக்கிவிட்டால் திருத்துவது கஷ்டம்.

அடுத்த இரண்டு நாள் நடை மட்டும், மூன்றாம் நாள் 3 கி.மீ. மெதுவாக. ஒரே புள்ளியில் எலும்பைத் தொட்டால் வலிக்கிறது என்றால் அது தசை வலி அல்ல, எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த 10 கி.மீ.-ஐ முழு முயற்சியில் ஓடக் குறைந்தது மூன்று வாரம் இடைவெளி விடுங்கள்.