வில்லனுக்குக் காசு எங்கிருந்து வருகிறது? இந்தக் கணக்கில் நாம் செய்யும் தவறுகள்

கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்த அக்கா மகள் திடீரென்று திரும்பி, "மாமா, இந்த ஆள் வேலைக்கே போறதில்லையே, இத்தனை மெஷினுக்கு யார் காசு குடுக்கிறாங்க?" என்று கேட்டாள். உடனே பக்கத்திலிருந்த பெரியவர்கள், "அது கார்ட்டூன்மா, அதுல போய் கணக்குக் கேட்கிறியே" என்று சிரித்து முடித்துவிட்டார்கள். முதல் தவறு இதுதான். அது நல்ல கேள்வி. அதைவிட முக்கியம், கதை எழுதியவர்களில் பலர் அதற்குப் பதிலும் எழுதி வைத்திருக்கிறார்கள், நாம்தான் கவனிப்பதில்லை. அவள் பார்த்தது 2007-இல் தொடங்கிய ஃபீனியஸ் அண்ட் ஃபெர்ப். அதில் வரும் வில்லன் டாக்டர் டூஃபன்ஷ்மிர்ட்ஸுக்கு நகரத்தில் சொந்தப் பெயர் போட்ட கோபுரம், நாளுக்கொரு இயந்திரம், அந்த இயந்திரமும் சாயங்காலத்துக்குள் வெடித்துவிடும். இத்தனைக்கும் காசு விவாகரத்தான மனைவி ஷார்லீன் கொடுக்கும் ஜீவனாம்சத்திலிருந்து வருகிறது. தொடரிலேயே சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு தகவல் போதும், இந்த மனிதர் ஏன் இப்படி இருக்கிறார் என்று பாதி புரிந்துவிடும்.

வில்லனை எழுதுகிறவர்களும், அவனைப் பற்றி விடிய விடிய விவாதிக்கிறவர்களும் அடுத்துச் செய்யும் தவறு, கட்டும் செலவை மட்டும் போட்டுப் பார்ப்பது. எரிமலைக்குள் கோட்டை கட்ட எத்தனை கோடி ஆகும் என்று கணக்குப் போடுவார்கள், மாதாமாதம் என்ன ஆகும் என்று யாரும் போடுவதில்லை. நிஜத்தில் மலையைக் குடைந்து கட்டிய இடம் ஒன்று இருக்கிறது, அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள ஷயான் மலை ராணுவ வளாகம். 1961-இல் குடைய ஆரம்பித்து 1966-இல் செயல்பாட்டுக்கு வந்தது. கருங்கல்லுக்குள் 15 கட்டடங்கள், அதிர்ச்சி தாங்குவதற்காக 1,300-க்கும் மேற்பட்ட ராட்சத ஸ்பிரிங்குகளின் மேல் அவை நிற்கின்றன, வாசலில் ஒவ்வொன்றும் சுமார் 25 டன் எடையுள்ள கதவுகள். படிக்கும்போதே வில்லன் கோட்டை மாதிரிதான் இருக்கிறது, இல்லையா? ஆனால் உள்ளே மனிதர்கள் மூச்சுவிட வடிகட்டிய காற்று வேண்டும், தண்ணீரைத் தேக்கி வைக்க வேண்டும், கரண்ட் போனால் ஓட சொந்த ஜெனரேட்டர்கள் வேண்டும், அதற்கு டீசல் வேண்டும், அதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஷிப்டு ஷிப்டாக ஆட்கள் வேண்டும். ஒரு வல்லரசு வரிப்பணத்தில் நடத்துகிற காரியம் இது. உங்கள் வில்லனிடம் நூறு அடியாட்கள் இருந்தால் அவர்களுக்குச் சாப்பாடு, சம்பளம், சீருடை என்று மாதம் பிறந்தால் கை நீட்டி நிற்பார்கள். ஆகவே கோட்டை என்ன விலை என்று ஆரம்பிக்காதீர்கள். முதல் தேதி சம்பளம் எங்கிருந்து வருகிறது, அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

"அவன் வில்லன், கொள்ளையடிப்பான்" என்று சொல்லி நகர்ந்துவிடுவது மூன்றாவது தவறு, எனக்கு ரொம்பக் கோபம் வரவழைப்பதும் இதுதான். அமெரிக்காவில் ஒரு வங்கிக் கொள்ளையில் சராசரியாகக் கிடைப்பதே சில ஆயிரம் டாலர். அதை வைத்து லேசர் பீரங்கி செய்ய முடியாது. சரி, பணத்தை விட்டுவிட்டு விலைமதிப்பில்லாத பொருளைத் திருடினால்? 1911-இல் வின்சென்சோ பெருஜியா பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்திலிருந்து மோனா லிசாவையே எடுத்துக்கொண்டு போனார். இரண்டு வருடத்துக்கும் மேல் அந்த ஓவியம் அவர் வசம் சும்மாவே கிடந்தது. 1913-இல் ஃபுளோரன்ஸ் நகரத்தில் விற்கப் போனபோது பிடிபட்டார். உலகத்துக்கே தெரிந்த பொருளை வாங்க ஆள் கிடையாது, வாங்குகிறவன் முதலில் போலீஸுக்குத்தான் சொல்வான். பிரமிடைத் திருடுகிற வில்லனுக்கும் இதே கதிதான். பெயர் கிடைக்கும், காசு கிடைக்காது.

நல்ல எழுத்தாளர்கள் இதைப் புரிந்துகொண்டு என்ன செய்தார்கள் என்று பார்த்தால், வில்லனுக்கு ஒரு தொழில் வைத்துக் கொடுத்தார்கள். சூப்பர்மேனின் எதிரி லெக்ஸ் லூதர் 1940-இல் அறிமுகமானபோது பைத்தியக்கார விஞ்ஞானி வகை. நாற்பது வருடத்துக்கும் மேலாகக் கிட்டத்தட்ட அப்படியேதான் இருந்தான், சிறையிலிருந்து தப்புவான், புதுக் கருவியோடு வருவான், காசு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. 1986-இல் சூப்பர்மேன் கதையை ஜான் பைர்ன் புதிதாக எழுதியபோது லூதர் பெரிய தொழிலதிபராகிவிட்டான், 1996-இல் வந்த கார்ட்டூன் தொடரும் அதையே எடுத்துக்கொண்டது. இதனால் ஆராய்ச்சிக்கூடம், ஆட்கள், வக்கீல்கள் எல்லாவற்றுக்கும் கணக்கு வந்துவிட்டது. கூடவே அவனை நேராகப் போய் அடிக்கவும் முடியாமல் போனது, அதுதான் பெரிய லாபம். ஊரே மரியாதை கொடுக்கும் முதலாளி மேல் சூப்பர்மேன் எப்படிக் கைவைப்பார்? "இவ்வளவு மூளை இருக்கிறவன் கண்டுபிடிப்பை விற்றுப் பணக்காரன் ஆகலாமே" என்று கேட்பவர்களும் உண்டு. 2004-இல் வந்த தி இன்க்ரெடிபிள்ஸ் படத்தில் வில்லன் சிண்ட்ரோம் செய்வதே அதுதான். ஆயுதங்களை விற்றுச் சம்பாதிக்கிறான், சிறந்தவற்றை மட்டும் தனக்கென்று வைத்துக்கொள்கிறான். அவனுக்குச் சொந்தத் தீவு வந்த வழி அது.

தொழில் வைத்துக் கொடுத்தால் கணக்குப் புத்தகமும் வரும், அதையும் மறக்காதீர்கள். சிகாகோவின் தாதா அல் கபோனை 1931-இல் 11 வருடம் உள்ளே தள்ளியது துப்பாக்கிச் சண்டை இல்லை, வருமான வரி வழக்கு.

காலத்தைப் பார்க்காமல் பேசுவதும் தவறுதான். 1949-இல் சக் ஜோன்ஸ் உருவாக்கிய ரோட் ரன்னர் கார்ட்டூனின் ஓநாய், சாலையில் ஓடும் பறவையைப் பிடிக்க ஆக்மி என்ற கம்பெனியிலிருந்து ராக்கெட் வரை வரவழைக்கும். "அந்தக் காசுக்குக் கோழி வாங்கித் தின்னலாமே" என்று இன்றும் கேட்கிறார்கள். ஆனால் அது தபாலில் எல்லாம் வாங்கிப் பழகிய அமெரிக்கா. சியர்ஸ் கம்பெனி 1908-லிருந்து 1940 வரை முழு வீட்டையே பாகம் பாகமாகப் பார்சலில் விற்றது! அப்புறம், ஓநாய்க்கு இருப்பது பசி மட்டும் இல்லை, வெறி. அது வெறியனாக இல்லாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பது ஜோன்ஸே வகுத்த விதிகளில் ஒன்று.

கடன் கொடுத்தவனை மறந்துவிடுவதுதான் நான் பார்த்ததில் அதிகம் பேர் செய்யும் தவறு. 2010-இல் வந்த டெஸ்பிகபிள் மீ படத்தில் குரு என்ற வில்லன் நிலாவைத் திருட ராக்கெட் கட்ட வேண்டும், அதற்காக வில்லன்களுக்குக் கடன் கொடுக்கும் தீமை வங்கிக்குப் போகிறான். வாசல் பலகையில் "முன்னாள் லேமன் பிரதர்ஸ்" என்று எழுதியிருக்கும், 2008-இல் திவாலான நிஜ நிறுவனம். மேனேஜர் பெர்கின்ஸ் திட்டத்தைப் பார்த்துவிட்டு, பொருளைச் சின்னதாகச் சுருக்கும் கருவியைக் கையில் கொண்டுவந்தால்தான் கடன் என்கிறார், அப்புறம் கொண்டுவந்த பிறகும் மறுத்துவிடுகிறார். வயதாகிவிட்டது, இளம் வில்லன்கள் வந்துவிட்டார்கள் என்பது காரணம். அந்த இளம் வில்லன் வெக்டர் யார் என்றால் பெர்கின்ஸின் சொந்த மகன். கடனுக்காக பேங்கில் நின்ற எவருக்கும் அந்த அறையில் குரு சுருங்கி உட்கார்ந்திருப்பது வலிக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்தான் கதையை நகர்த்துகிறார். பிறகு குரு, கையில் காசில்லை, திட்டம் அவ்வளவுதான் என்று தன் குட்டி அடியாட்களான மினியன்களிடம் சொல்லும்போது, அவன் தத்தெடுத்த குழந்தைகள் தங்கள் உண்டியலைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். அதைப் பார்த்து மினியன்களும் கையிலிருந்ததை எடுத்துக் கொடுக்கிறார்கள். ராக்கெட் பழைய இரும்புச் சாமான்களிலிருந்து எழும்புகிறது.