கிட் கார் ஸ்டீயரிங்: ஐ.வி.ஏ. சோதனைக்குக் கொண்டுபோகும் முன்

பிரிட்டனில், பாகங்களைத் தொகுப்பாக வாங்கி வீட்டில் கட்டிய கிட் காருக்கு நம்பர் வாங்க வேண்டுமென்றால், அரசின் வாகனத் தர அமைப்பான டி.வி.எஸ்.ஏ. நடத்தும் ஐ.வி.ஏ. (தனி வாகன ஒப்புதல்) சோதனையில் தேற வேண்டும். 2009-ல் பழைய எஸ்.வி.ஏ. சோதனைக்குப் பதிலாக வந்தது இது. ஆய்வாளர் எதையும் கழற்றிப் பார்க்க மாட்டார். கண்ணுக்குத் தெரிவதையும் கைக்கு எட்டுவதையும் வைத்துத்தான் முடிவெடுப்பார். அதனால் டாஷ்போர்டை மூடுவதற்கு முன்பே காலம் (column, ஸ்டீயரிங் வீலைத் தாங்கும் தண்டும் குழாயும்), அதன் பிராக்கெட், ஜாயிண்ட் எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காலம். முன்பக்கம் மோதினால் அது டிரைவரின் நெஞ்சை நோக்கி வரக் கூடாது. ஐ.நா. 12-ஆம் விதிப்படி மணிக்கு 48.3 கி.மீ. வேக மோதலில் காலத்தின் மேல்நுனி 127 மி.மீ.க்கு மேல் பின்னால் நகரக் கூடாது. உங்கள் காரை யாரும் சுவரில் மோதிப் பார்க்கப் போவதில்லை. மோதினால் மடங்கும் அமைப்பு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஃபோர்டு சியரா போன்ற காரின் காலத்தை அப்படியே எடுத்துப் போட்டால் பாதி வேலை முடிந்தது. அதை வெட்டிக் குறுக்கி வெல்டிங் வைத்தால், ஒன்றுக்குள் ஒன்று சறுக்க வேண்டிய குழாய்கள் ஒட்டிக்கொண்டு மடங்கும் தன்மையே போய்விடும். நீளம் சரிவரவில்லையா? காலத்தை விட்டுவிட்டு, கீழே வரும் இணைப்புத் தண்டை அளவுக்கு வாங்குங்கள். அந்தத் தண்டு நேர்கோட்டில் இல்லாமல் இரண்டு யுனிவர்சல் ஜாயிண்டோடு (கோணத்திலும் சுழற்சியைக் கடத்தும் இணைப்பு) வளைந்து போனால் மோதலில் மடங்கவும் வசதி.

அந்த இரண்டு ஜாயிண்டும் ஒரே கோணத்தில் இருக்க வேண்டும். நடுத்தண்டின் இரு முனையிலும் உள்ள ஜாயிண்டின் கவடுகள் (கவை போன்ற பிடிகள்) ஒரே தளத்தில் அமைய வேண்டும். ஒரு ஜாயிண்ட் மட்டும் 30 டிகிரி வளைந்தால், ஒரே சீராகத் திருப்பினாலும் மறுபக்கம் 0.87 முதல் 1.15 மடங்கு வேகத்தில் ஏறி இறங்கும். கையில் அது இழுத்து இழுத்து விடுவதுபோல் தெரியும். ஜாயிண்டைத் தண்டில் இறுக்கும் பின்ச் போல்ட், தண்டின் பல்வரிசையான ஸ்பிளைனில் உள்ள பள்ளத்தின் வழியாகவே போக வேண்டும். பள்ளத்தைத் தவறவிட்டால் போல்ட் இறுகியதுபோல் தோன்றினாலும் தண்டு உருவிக்கொண்டு வரலாம். எக்ஸாஸ்ட் பக்கத்தில் போகும் ஜாயிண்டுக்குப் போதிய இடைவெளி விடுங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது இன்ஜின் சாயும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஸ்டீயரிங் வீலுக்கு 165 மி.மீ. விட்டமுள்ள ஒரு கோளம்தான் அளவுகோல். டிரைவரைப் பார்த்த பக்கத்தில் அந்தக் கோளம் தொடும் இடத்தில் 2.5 மி.மீ.க்குக் குறைவான வளைவாரமுள்ள விளிம்பு இருக்கக் கூடாது. ஆரக்கால்களில் துளை போட்ட சின்ன ரேஸ் வீல்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டும். சோதனைக்கு மட்டும் பழைய காரின் வீலைப் போட்டுப் போகிறவர்கள் உண்டு. தேறும் வீலையே வாங்கி நிரந்தரமாகப் போடுவது புத்திசாலித்தனம். அந்த விளிம்பு நெஞ்சில் குத்துவது சோதனை நாளோடு நின்றுவிடாது.

இலகுவான கார்கள் அதிகம் தோற்பது ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாததால்தான். ஐ.நா. 79-ஆம் விதி சொல்வது இது: பாதி லாக்கில் (ஒரு பக்கம் திருப்பக்கூடிய அளவில் பாதி), மணிக்கு 10 கி.மீ. அல்லது அதற்கு மேல் சீரான வேகத்தில் வட்டமடிக்கும்போது வீலை விட்டால், வட்டம் அப்படியே இருக்கலாம் அல்லது பெரிதாகலாம், சுருங்கக் கூடாது. காலி மைதானத்தில் இதை நீங்களே பார்த்துவிடலாம்.

தோற்றவுடன் காஸ்டரை (பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது உராய்வு. முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைத் திருப்பும் தண்டுகளின் முனைகளான இரண்டு டை ராட் எண்டையும் கழற்றிவிட்டு வீலை இரண்டு விரலால் சுற்றுங்கள். சிக்கினால் காலத்தின் கீழ்ப் புஷ் கோணலாக இருக்கலாம், ஜாயிண்ட் இறுக்கமாக இருக்கலாம், அல்லது ரேக்கின் (வீலின் சுழற்சியை இடவல அசைவாக்கும் பல்தண்டு) அழுத்துகட்டையான பிரஷர் பேட் அளவுக்கு மேல் முறுக்கப்பட்டிருக்கலாம். காலத்தின் பிராக்கெட் போல்ட்களைச் சற்றுத் தளர்த்தியதும் லேசானால் குற்றவாளி கோணல்தான். ஷிம் (மெல்லிய தகடு) வைத்து நேராக்குங்கள். அடுத்து சக்கரத்தைக் கையால் திருப்பிப் பார்த்தால் பால் ஜாயிண்டின் (சக்கரத்தைத் தாங்கும் குண்டு மூட்டு) இறுக்கம் தெரியும்.

உராய்வு இல்லை என்றான பிறகுதான் காஸ்டர். மேல் பால் ஜாயிண்டுக்கும் கீழ் பால் ஜாயிண்டுக்கும் இடையே 250 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், மேல்முனையை 4.4 மி.மீ. பின்னால் தள்ளினால் 1 டிகிரி கூடும். மேல் விஷ்போன் (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கை) புஷ்ஷின் பின்பக்க வாஷர்களை எடுத்து முன்பக்கத்தில் போட்டே இதைச் செய்யலாம். இரு பக்கமும் ஒரே அளவு. ஏழு, எட்டு டிகிரி என்று ஏற்றிக்கொண்டே போனால் பார்க்கிங்கில் கை வலிக்கும். காஸ்டர் மாறினால் ஸ்டீயரிங் ஆர்மின் முனையும் ஏறி இறங்கும், அதனால் டோவையும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) பம்ப் ஸ்டீயரையும் (சக்கரம் ஏறி இறங்கும்போது டோ மாறுவது) மறுபடி அளக்க வேண்டும்: ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, சக்கரத்தை மேலும் கீழும் 50 மி.மீ. அசைத்து, டோ எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள்.

ரேக் சேஸிஸில் நகரவே கூடாது. கார் தரையில் நிற்க, ஒருவர் வீலை இடம் வலமாக ஆட்டட்டும்; நீங்கள் கிளாம்ப் மேல் விரல் வைத்தால் அசைவு தெரிந்துவிடும். ரப்பர் கிளாம்ப் அசைந்தால் அலுமினியக் கட்டைக்கு மாற்றுங்கள். பிரிட்டனின் வருடாந்தர தகுதிச் சோதனையான எம்.ஓ.டி.யில் 380 மி.மீ. வீலுக்கு ரேக் வகையில் வீல் விளிம்பின் வெற்று ஆட்டம் 13 மி.மீ. என்பது வழக்கமான எல்லை. டை ராட் எண்ட் உள்ளே ஏறியிருக்கும் மரை குறைந்தது விட்டத்தின் ஒன்றரை மடங்கு இருக்கட்டும்: 14 மி.மீ. மரைக்கு 21 மி.மீ. லாக் நட் இறுகியிருக்க வேண்டும். காசில் நட் (மேலே வெட்டுகள் உள்ள நட்) என்றால் ஸ்பிளிட் பின், இல்லாவிட்டால் நைலாக் (உள்ளே நைலான் வளையம் உள்ள நட்). ஒருமுறை கழற்றிய நைலாக்கை மறுபடி போடாதீர்கள்.

கடைசியாக முழு லாக். இரு பக்கமும், சஸ்பென்ஷன் முழுக்கத் தொங்கும்போதும் முழுக்க அமுங்கும்போதும் டயர் விஷ்போனிலோ மட்கார்டிலோ பிரேக் ஹோஸிலோ உரசுகிறதா என்று பாருங்கள். டை ராடும் ஸ்டீயரிங் ஆர்மும் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டுக்கு வந்தால் ஆபத்து: சக்கரம் மறுபக்கம் மடங்கி அங்கேயே நின்றுவிடும். ரேக்கின் ஓட்டத்தை ஸ்டாப் வைத்துக் குறைத்துவிட்டு, திருப்பு வட்டம் கொஞ்சம் பெரிதாவதை ஏற்றுக்கொள்ளுங்கள்.