ஸ்காட்லாந்தின் பழைய ஊர்ப்பெயர் ஏடுகள்: எங்கே சறுக்குகிறோம்?

19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்காட்லாந்தை அளக்கப் போன ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டிஷ் அரசின் நில அளவைத் துறை) ஆட்கள், பாரிஷ் பாரிஷாக (பாரிஷ் என்றால் ஒரு தேவாலயத்தைச் சுற்றிய நிர்வாக வட்டாரம்) நடந்து பண்ணை, ஓடை, குன்று, கிணறு என்று மேப்பில் வரவேண்டிய பெயர்களையெல்லாம் ஏட்டில் குறித்தார்கள். அதற்கு நேம் புக் என்று பெயர். அசல் எடின்பரோ ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஸ்கேன் செய்த பக்கங்களை இணையத்திலேயே பார்க்கலாம். குடும்ப வேர் தேடுபவர்களும் ஊர்ப்பெயர் பித்துப் பிடித்தவர்களும் முதலில் திறப்பது இதைத்தான். வழுக்கி விழுவதும் இங்கேதான்.

ஏட்டின் பக்கம் கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கும். பெரிய தவறு, முதல் கட்டத்தில் இருக்கும் பெயரை மட்டும் பார்த்துவிட்டு ஏட்டை மூடுவது. அது மேப்புக்காக முடிவான எழுத்துக்கூட்டல், அவ்வளவுதான். அடுத்த கட்டத்தில் அதே பெயர் வேறு எப்படியெல்லாம் எழுதப்பட்டது என்று இருக்கும். அதற்கடுத்ததில் யார் அப்படிச் சொன்னார்கள் என்று இருக்கும். ருசியே இந்த மூன்றாவது கட்டத்தில்தான். நிலச்சுவான்தார், அவருடைய காரியஸ்தர், பாதிரியார், பள்ளி ஆசிரியர் என்று வரிசையாக வருவார்கள். அந்த மண்ணிலேயே உழுது வாழ்ந்த கூலிக்காரரைத் தேடினால் அபூர்வமாகத்தான் அகப்படுவார். மதிப்புள்ள ஆட்களின் எழுத்துக்கூட்டலை நம்பு என்பதுதான் சர்வேயின் போக்கு. அதனால் இரண்டாம் கட்டத்தில் தள்ளிவைக்கப்பட்ட 'தப்பான' வடிவம் சில சமயம் ஊர்க்காரர் வாயில் புழங்கியதற்கு இன்னும் கிட்டத்தில் இருக்கும்.

அப்புறம் ஆங்கிலக் காதோடு படிப்பது. கிங்யூசி என்ற ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்தில் முதல் நான்கும் சேர்ந்தால் 'ராஜா'. அங்கே ராஜா யாரும் இல்லை. ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் அது 'பைன் காட்டின் முனை'. 'கில்' என்று தொடங்கும் பெயர்கள் இன்னும் மோசம். கில்மார்ட்டினில் அது மார்ட்டின் என்ற புனிதரின் தேவாலயம். கில்லிகிரான்கியில் காடு. கேலிக் தெரியாத சர்வேயர் காதில் விழுந்ததை எழுதிய இடங்களும் உண்டு என்பதால், ஏட்டில் இருக்கும் பொருள் விளக்கக் குறிப்பையும் அப்படியே விழுங்கக் கூடாது.

சின்னச் சின்னக் கண்ணிகளும் உண்டு. அந்தக் காலக் கையெழுத்தில் இரட்டை எஸ்ஸில் முதலாவது நீண்டு எஃப் மாதிரி தெரியும். வரிக்கு வரி 'டி, ஓ' என்று வந்தால் அது ஆள் பெயரின் சுருக்கமல்ல, 'மேலே சொன்னதே' என்ற டிட்டோ. நானும் ஒரு சாயங்காலம் முழுக்க அந்த மனிதரைத் தேடினேன்!

பாரிஷ் எல்லையையும் இன்றைய மேப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். 1889 உள்ளாட்சிச் சட்டத்துக்குப் பிறகு பல எல்லைகள் திருத்தப்பட்டன. பக்கத்து பாரிஷுக்குள் தீவு மாதிரிக் கிடந்த துண்டு நிலங்களும் கைமாறின. தேடும் பண்ணை அந்த ஏட்டில் இல்லையென்றால் அடுத்த பாரிஷின் ஏட்டைத் திறந்து பாருங்கள்.