இறாலும் நண்டும் அடைத்த ஓவன் உருளைக்கிழங்கு

இது சொதப்புவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான், தண்ணீர். கிழங்கில் ஈரம் நின்றாலே மசியல் கூழாகும், இறால் விடுகிற நீரும் அதோடு சேர்ந்தால் உள்ளே வைத்தது எல்லாம் தளர்ந்து வழிய ஆரம்பித்துவிடும். அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் ஈரத்தை வெளியேற்றுவதில் கவனம் வையுங்கள், மற்றதெல்லாம் சுலபம்.

நான்கு பேருக்கு, ஒவ்வொன்றும் 250 முதல் 300 கிராம் வரும் பெரிய கிழங்காக நான்கு எடுங்கள். மாவுத்தன்மை அதிகமுள்ள ரகம்தான் வேண்டும், வெந்தபிறகும் துண்டு உடையாமல் நிற்கும் ரகம் இதற்குச் சரிவராது. கழுவி, நன்றாகத் துடைத்து, முள்கரண்டியால் ஆங்காங்கே குத்தி, எண்ணெயும் உப்பும் தடவி, 200 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் விடுங்கள். ஃபாயிலில் சுற்றவே வேண்டாம், சுற்றினால் ஆவி உள்ளேயே நின்று தோல் நமத்துப்போகும்.

கத்தி தடையில்லாமல் இறங்கினால் வெந்துவிட்டது. ஆறவிடாமல் உடனே நீளவாக்கில் இரண்டாக வெட்டிவிடுங்கள், ஆவி போகட்டும். தோலோடு அரை சென்டிமீட்டர் சதையை விட்டுவிட்டு மீதியைச் சுரண்டி எடுத்து, வெறும் கூடுகளை மறுபடி பத்து நிமிடம் ஓவனில் வையுங்கள். பலர் இதைச் செய்வதில்லை, ஆனால் கூடு மொறுமொறுவென்று விறைப்பாக நிற்பது இதனால்தான். எடுத்த சதையைச் சூட்டோடு கையாலேயே மசித்து, முதலில் 60 கிராம் வெண்ணெய், அப்புறம் கொஞ்சம் சூடான பால், கெட்டியாக இருக்கும் அளவுக்கு மட்டும். மிக்ஸி பக்கம் போகாதீர்கள், அதில் அடித்தால் மாவுச்சத்து வெளியே வந்து பசை மாதிரி ஆகிவிடும்.

இப்போது இறால். தோலுரித்து நரம்பு எடுத்தது 300 கிராம், உறைந்ததாக இருந்தால் ஃப்ரிட்ஜிலேயே வைத்து உருகவிட்டு, துணியில் ஒற்றி ஒற்றிக் காயவையுங்கள். வாணலி நல்ல சூடேறியதும் வெண்ணெயில் நசுக்கிய பூண்டோடு இரண்டு தடவையாகப் பிரித்துப் போட்டு, வெளிப்புறம் நிறம் மாறியதுமே இறக்கிவிடுங்கள். முக்கால் பதம் போதும், மீதி ஓவனில் வேகும்; இங்கேயே முழுசாக வேகவிட்டால் அங்கே ரப்பராகிவிடும். கணவாய் சேர்க்கலாமா என்றால், இரண்டு முறை சூடு பட்டால் அது இன்னும் மோசமாக இறுகும், என் ஓட்டு நண்டுக்குத்தான். வெந்த நண்டுச் சதை 150 கிராம் எடுத்து, ஓட்டுத் துணுக்கு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, ஈரத்தைப் பிழிந்துவிட்டுச் சேர்த்தால் போதும்.

இறால், நண்டு, பாதி சீஸ், வெங்காயத்தாள், மிளகு, எலுமிச்சைத் தோலின் துருவல் எல்லாவற்றையும் மசியலில் மெதுவாகக் கலந்து, உப்பை மட்டும் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், சீஸிலும் கடல் உணவிலும் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. கூடுகளில் குவித்து, மீதி சீஸைத் தூவி, அதே 200 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம், உள்ளே நன்றாகச் சூடேறி மேலே பொன்னிறமாகும்வரை.

முன்கூட்டியே தயார் செய்வதானால் கூடும் மசியலும் மட்டும் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும், அரைகுறையாக வெந்த இறால் காத்திருக்கவே கூடாது, அதைக் கடைசி நேரத்தில் வதக்கிச் சேர்த்து உடனே ஓவனில் ஏற்றுங்கள். மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். மறுநாள் ஓவனிலேயே சுடவையுங்கள், மைக்ரோவேவில் தோல் தொளதொளவென்று ஆகிவிடும்.